சீனி பின் ரூமுக்கு வருவதில்லை

பங்குனி 4, திங்கள்

காலை ஆறரைக்கே வெயில் சுள்ளென்று. வெயில் ஏறுமுன் கலவையை முடித்துவிட வேண்டும். பட்டாசுக் கம்பெனிப் பழக்கம், நாய் ஷாம்பூ செய்யும்போதும் விடவில்லை. பின் ரூமுக்குள் நுழையுமுன் வாசல் குழாயைத் தொட்டுக்கொள்வதும் அப்படித்தான். அங்கே செம்புத் தகடு வைத்திருப்பார்கள், உடம்பில் உள்ள கரண்டு இறங்குவதற்கு. இங்கே எதற்கு? கை தானாகப் போகிறது.

கம்பெனியில் பதினோரு வருஷம் எடை ரூம். நான் நிறுப்பேன், எதிரே ஒருத்தி முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள். ஒரே ஆள் நிறுத்து, அதே ஆள் கலக்கக் கூடாது. பதினோரு வருஷமும் எதிரே ஒரு முகம். இப்போது நிம்மதி. என் ரூம், என் தராசு, நான்.

இன்றைய கலவை (நாய்):
ஓட்ஸ் கஞ்சி, மூன்று தடவை வடிகட்டியது
கற்றாழை. மஞ்சள் பால் முழுக்க வடிந்தபின் உள் சோறு மட்டும்
தேங்காயெண்ணெய் சோப்புக் கரைசல்
கிளிசரின் கொஞ்சம்
லா. எண்ணெய் லிட்டருக்கு 20 சொட்டு. அதற்கு மேல் கூடாது

லா. என்றால் லாவண்டர். யாராவது இந்த நோட்டைப் பார்த்தால் புரியக் கூடாது என்று அப்படி எழுதினேன். இப்போது நானே விளக்கிவிட்டேன். போகட்டும்.

தொடவே கூடாதவை: யூகலிப்டஸ், டீ ட்ரீ, கற்பூரம், கிராம்பு, எலுமிச்சை. பூனைக்கு வாசனை எதுவுமே கிடையாது, பூனை ஈரல் தாங்காது. வெறும் ஓட்ஸ் தண்ணீர்தான். பாத்திரம் கழுவியதும் முகர்ந்து பார்க்க வேண்டும். வாசம் இல்லையென்றால் சுத்தம்.

இருபது சொட்டு விட்டு முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு இருபது. ஏதோ லேசாக இருக்கிற மாதிரி. மாசியில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேனே, அதற்குப் பிறகு இது மூன்றாவது கலவை. மூன்றிலும் இதே கதை. மதுரைக்காரன் எண்ணெயில் வேறு எதையோ ஊற்றி அனுப்புகிறான்.

பங்குனி 5, செவ்வாய்

எண்ணெயைச் சோதித்தேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு. நல்ல எண்ணெய் என்றால் சாயங்காலத்துக்குள் கறை இல்லாமல் பறந்துவிடும், கலப்படம் என்றால் பிசுக்கு நிற்கும். சாயங்காலம் பார்த்தேன், தாள் சுத்தம். கறை தெரியாமல் கலப்படம் செய்ய இப்போது ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் போல.

இன்றைய ஏமாற்று:
மல்லிகைப்பூ. வாசமே இல்லை. நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து விற்கிறாள்.
காப்பித்தூள். முழுக்க சிக்கரி.
பெருங்காயம். மாவு.

ஊரே இப்படி ஆகிவிட்டது. இவர் (வீட்டுக்காரர்) காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். சிவகாசி பிரஸ்ஸில் இருபது வருஷம் மை வாசத்தில் நிற்கிற மனுஷன், அவருக்கு என்ன தெரியும்.

பொன்னுத்தாய் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். சிரித்த மாதிரி இருந்தது. இவருடைய தங்கச்சி. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. கம்பெனியை மூடி வைத்திருக்கிறார்கள், திறக்கிறவரைக்கும் அண்ணன் வீடு. வந்து இரண்டு மாசம். நாற்பது வயது, தனி ஆள், வேலை ஒன்றும் இல்லை, கண் மட்டும் எல்லா இடத்திலும்.

பங்குனி 7, வியாழன்

காரியாபட்டி உளுந்து வியாபாரி போன். கன்னி ஜாதி வேட்டை நாய் இரண்டு வைத்திருக்கிறவர், ஒரு வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறார்.

"என்னம்மா இம்புட்டு வாசத்தப் போட்டிருக்கீக? ரெண்டும் மூஞ்சியத் தரையில தேய்க்குதுக. கண்ணுல தண்ணியா ஊத்துது."

"நான் போட்டா வாசமே தெரியலையேண்ணே. நீங்க வேற எதையும் கலந்தீகளா?"

"நான் எதுக்கும்மா கலக்கப் போறேன்?"

எதற்கோ. பாதியை ஊற்றிவிட்டு வீட்டில் கிடந்த அத்தரைச் சேர்த்திருப்பார். அல்லது பாட்டில் என் கையை விட்டுப் போன பிறகு, காரியாபட்டி பஸ் ஏறுவதற்கு முன்னால், யாரோ. பாட்டிலை பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்தது யார்? பொ.

மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு பொ. போனில். நான் கதவுக்குப் பின்னால். காதில் விழுந்தவரை அப்படியே:

"ஆமா, இப்ப ரொம்பத்தான்... இல்லல்ல, அவுகளுக்குத் தெரியாது... நீ சொல்லாத, நானே பாத்து..."

என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். யாரிடம் என்று கேட்டேன். "சும்மா, தெரிஞ்சவுக மதினி."

சிவகாசியில் புதிதாக நாய்ச் சாமான் கடை போட்டிருக்கிறார்கள். செய்முறை கேட்டு ஏற்கெனவே ஒருத்தன் என்னிடம் வந்தான், முடியாது என்றேன். அவன் வேறு வழி பிடித்துவிட்டானோ என்று தோன்றுகிறது.

பூட்டு வாங்கினேன். சாவி என் இடுப்பில்.

பங்குனி 8, வெள்ளி

அனல். அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டி நாள் அறிவித்தாயிற்று. தெருவில் எவனோ சரவெடி போட்டான். சீனி நடுங்கிக்கொண்டு ஓடியது பொ.விடம். என்னிடம் இல்லை.

இது எனக்குத் தாங்கவில்லை. எழுதிவிடுகிறேன். சீனி சிப்பிப்பாறை ஜாதி நாய், ஐந்து வயது, குட்டியாக வந்தபோது என் உள்ளங்கையில் படுத்தது. கடை ஷாம்பூ போட்டு உடம்பெல்லாம் சிவந்து தடித்துப்போனதே, அதற்காகத்தான் இந்தத் தொழிலே. முதல் கலவை சீனிக்கு. அப்போதெல்லாம் நான் கலக்கி முடிக்கிறவரை பின் ரூம் வாசலில் மோவாயை வைத்துப் படுத்திருக்கும். இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. நான் கூப்பிட்டால் வருகிறது, கையை முகர்கிறது, தும்முகிறது, போய்விடுகிறது. பொ.வின் பாயில் படுக்கிறது.

என்ன போடுகிறாள் அதற்கு? ஈரலா? கருவாடா? நாயையும் மயக்கிவிட்டாள்.

சந்தேகம், வரிசைப்படி:
1. பொ.
2. மதுரை எண்ணெய்க்காரன்
3. சிவகாசிக் கடைக்காரன் (1-உடன் சேர்ந்து)
4. உளுந்து வியாபாரி
5. இவர்? தெரியவில்லை. ஆனால் நேற்று தங்கச்சியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

பங்குனி 10, ஞாயிறு

இவர் வீட்டில். புது லேபிள் கொண்டுவந்தார். பட்டாசுப் பெட்டி அட்டை அடிக்கிறபோது ஓரத்தில் மிஞ்சுகிற இடத்தில் என் லேபிளையும் சேர்த்து ஓட்டித் தருவார்கள். இந்தத் தடவை சீனி படத்தின் வால் பக்கத்தில் பாதி சங்குச் சக்கரம் வந்துவிட்டது. வெட்டினால் சரியாகிவிடும்.

வந்ததும் வராததுமாக ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். "தலை வலிக்கு புள்ள. வீடு பூரா ஒரே வாசம்."

"எந்த வாசம்?"

என்னைப் பார்த்தார். பிறகு பொ.வைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணனும் தங்கச்சியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். தொழிலை நிறுத்தச் சொல்லப்போகிறார்கள், அதற்கு இது ஆரம்பம்.

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா பூனைக் குளியல் கேட்டிருந்தார்கள். அவர்கள் பூனை பெயர் குண்டு, கரி மூட்டையில் விழுந்து எழுந்து கறுப்பாகத் திரிகிறது. ஓட்ஸ் தண்ணீர் ஒரு பாட்டில். பெரிய வாளியையும் புனலையும் கழுவினேன், முகர்ந்தேன், வாசம் இல்லை. சுத்தம். வடிகட்டி ஊற்றிக் கொடுத்தாயிற்று.

மறக்காமல்: பால்காரனிடம் கேட்க வேண்டும். பால் திரிந்திருந்ததாம், எனக்குத் தெரியவில்லை, இவர் வாயில் வைத்துத் துப்பினார்.

பங்குனி 11, திங்கள்

சுருக்கமாக.

காலையில் ராஜாமணி அக்கா கதவைத் தட்டினார்கள். துண்டில் குண்டு. வாயில் எச்சில் ஒழுகுகிறது, இறக்கிவிட்டால் பின்னங்கால் நிற்கவில்லை. நேற்று மாலை குளிப்பாட்டினார்களாம், இரவெல்லாம் நக்கிக்கொண்டே இருந்ததாம்.

ஆட்டோவில் டாக்டரிடம். அவர் துண்டைப் பிரித்தவுடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"லாவண்டரா? பூனைக்கா? யார் சொல்லிக் கொடுத்தது?"

"இதுல லாவண்டர் இல்ல சார். வெறும் ஓட்ஸ்."

"அம்மா, ரூம் பூரா அடிக்குது."

மறுபடி குளிப்பாட்டினார்கள், ஊசி, சலைன், வெதுவெதுப்பாகப் போர்த்திப் படுக்கவைத்தார்கள். நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார். ராஜாமணி அக்கா என்னைத் திட்டவில்லை. ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். திட்டியிருக்கலாம்.

நான் லாவண்டர் போடவில்லை. ரூம் பூட்டியிருந்தது. சாவி என்னிடம். குளிக்கும்போது மட்டும் கழற்றி அலமாரியில் வைப்பேன். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது பொ.

கேட்டுவிட்டேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை பாட்டில்ல எண்ணெயை ஊத்தினது நீதான?"

கத்தியைக் கீழே வைத்தாள். "மதினி, நான் ஏன் அதச் செய்யப் போறேன்?"

"சிவகாசிக் கடைக்காரன் எம்புட்டுக் குடுக்கான்?"

அழவில்லை, சண்டை போடவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு போய் பையில் துணியை மடித்து வைத்தாள். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாளாம். போகட்டும். சீனி அந்தப் பைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பங்குனி 12, செவ்வாய்

முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

காலை ஐந்தரை. ஓட்ஸ் கஞ்சியை அடுப்படியில் சிறு தீயில் வைத்துவிட்டு, கொல்லையில் கற்றாழை வெட்டப் போனேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்திருக்கிறது. தீ இல்லை. முதலில் தோன்றியது, ஊருக்குப் போகிற போக்கில் பொ. அடுப்பை அணைத்துவிட்டாள் என்றுதான். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் தோன்றியது.

தீப்பெட்டியை எடுத்தேன். எங்கள் வீட்டில் லைட்டர் கிடையாது, பொ. கம்பெனித் தீப்பெட்டி பண்டல் பண்டலாகக் கிடக்கிறது. குச்சியை எடுத்து உரசப் பெட்டிமேல் வைத்துவிட்டேன்.

"மதினி! கீழ போடுங்க!"

பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். பெட்டி விழுந்தது. சுவிட்சைத் தொடாதீக என்று கத்திக்கொண்டே ரெகுலேட்டரை மூடினாள், ஜன்னலைத் தள்ளினாள், என்னைத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூங்கிக்கொண்டிருந்த இவரையும் எழுப்பி வெளியே தள்ளினாள். சீனி ஏற்கெனவே தெருவில் நின்று குரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் எழுந்தாளாம்.

மூன்று பேரும் கொல்லையில். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறது.

"வாசல் வரைக்கும் கேஸ் நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை.

"கொஞ்சங்கூடவா?"

கொஞ்சம்கூட.

பதினோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள் நான். ஒரு பொறி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், கேஸ் நிறைந்த அடுப்படியில் குச்சியோடு நின்றேன், வீட்டில் இரண்டு உயிரை வைத்துக்கொண்டு.

அதே நாள், இரவு

பொ. பஸ்ஸுக்குப் போகவில்லை. நானும் போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை.

பின் ரூமுக்குப் போனேன். மூன்று மூடி எடுத்தேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் லாவண்டர், ஒன்றில் பினாயில் தண்ணீரில் கரைத்து. கண்ணை மூடி இடம் மாற்றினேன். முகர்ந்தேன். முதல் தடவை. இரண்டாவது. ஐந்தாவது தடவைவரை. மூன்றும் ஒன்றுதான். பினாயில் எது என்று வெள்ளை நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாசிக் காய்ச்சலோடு மூக்கு போயிருக்கிறது. மல்லிகைக்காரி, காப்பித்தூள், பெருங்காயம், மதுரைக்காரன், பால்காரன். எல்லாரும் நல்லவர்கள். பால் மட்டும் உண்மையிலேயே திரிந்திருந்தது.

இருபது சொட்டு என்று எழுதிவைத்துக்கொண்டு, வாசம் வரவில்லை என்று நாற்பதும் அறுபதும் விட்டவள் நான். வாசம் போகாத புனலை முகர்ந்து சுத்தம் என்றவளும் நான். குண்டுவுக்கு நடந்தது என் கையால். சீனி என்னைவிட்டுப் போனது கருவாட்டுக்காக இல்லை. என் கை, சேலை, ரூம் எல்லாம் அதற்கு எப்படி நாறியிருக்கும். அதன் மூக்குக்கு நான் செய்த கொடுமையை அது கடிக்காமல் பொறுத்திருக்கிறது.

சாயங்காலம் பொ.விடம் கேட்டேன், போனில் யாரோடு பேசினாய் என்று. மறுபடி கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"அண்ணங்கிட்டத்தான். வீடெல்லாம் வாசம் தாங்கலை, மதினிக்குத் தெரிய மாட்டேங்குது, என்னமோ ஆயிருக்குன்னு சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?"



பங்குனி 13, புதன்

மேகமூட்டம், மழை இல்லை.

செய்தவை:
ஆஸ்பத்திரியில் ராஜாமணி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அழுதேன். குண்டு இன்று எழுந்து பால் நக்கியது, ஈரல் தப்பியது, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். "பூனையப் பாத்துட்டுப் போ" என்றார்கள். பார்த்தேன். என்னைக் கண்டதும் துண்டுக்குள் புகுந்துகொண்டது.
காய்ச்சலுக்குப் பிறகு பாட்டில் வாங்கிய எல்லாருக்கும் போன். ஊற்றிவிடுங்கள், தவறு என்னுடையது, வேறு தருகிறேன். உளுந்து வியாபாரி: "அப்பமே சொன்னேன்ல." சொன்னார். ஒத்துக்கொண்டேன்.
சேலை, துண்டு, பாய், ரூம் தரை, எல்லாம் இரண்டு தடவை.
மூக்கு டாக்டர். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கு ஆகும் என்றார். காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பழக வேண்டுமாம். முகர்கிறேன். காற்று.

தொழிலை விட்டுவிடலாம் என்றேன். இவர் பொ.வைப் பார்த்தார். பொ.தான் பாத்திரம் துலக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி: "எடை ரூம்ல ஒத்தையில வேல பாக்க விட்டாகளாக்கும்."

பங்குனி 16, சனி

காலை ஆறு. இதமான காற்று. பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

பொ. எனக்கு எதிரே, மணைப் பலகையில். குழாயைத் தொட்டுவிட்டு வா என்றேன், சிரித்துக்கொண்டே தொட்டுவிட்டு வந்தாள். நான் சொட்டு விட, அவள் சத்தமாக எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கம்பெனி ஞாபகம். பதினைந்தில் கையைக் காட்டினாள்.

"போதும் மதினி."

"பட்டியல்ல இருவது."

"இந்த எண்ணெய் காட்டமா இருக்கு. மனுசருக்கே மூக்குல ஏறுது. நாய்க்குப் போதும்."

முகர்ந்தேன். காற்று. அவள் உண்மையைச் சொல்கிறாளா, பழைய கோபத்தில் கலவையைக் கெடுக்கிறாளா, எனக்குத் தெரிய வழியே இல்லை. ஆமாம், இப்போதும் புத்தி அங்கேதான் போகிறது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பருத்தித் துணியைக் கலவையில் நனைத்துப் பிழிந்தாள். வாசற்படியில் விரித்தாள். இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்தோம். கூப்பிடவில்லை.

சீனி கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தது. வந்தது. துணியைச் சுற்றி ஒரு நடை. மூக்கை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. தும்மவில்லை. துணிக்குப் பக்கத்தில், வாசற்படிமேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது.

நோட்டை எடுத்து 20-ஐ அடித்தேன். 15 என்று எழுதினேன்.